தரகனுக்கும் ஒரு வாய்தா

ரயில் நிலையம், படகுத்துறை, வெளியூர்க்காரர் தங்கும் விடுதி. வக்கீல்களுக்காகப் போட்ட ஒரு சட்டத்தில் இந்த இடங்களுக்கு என்ன வேலை? வெள்ளைக்காரன் காலத்து 1879ஆம் ஆண்டு லீகல் பிராக்டிஷனர்ஸ் சட்டத்தில், வழக்குத் தரகன் எவன் என்று சொல்லும் இடத்தில் இவை வரும். கேசுக்காக வருகிறவன் கோர்ட் வாசலை மிதிக்கும் முன்பே அவனை மடக்கி ஒரு வக்கீலிடம் ஒப்படைக்கும் கூட்டம் அன்றே இருந்திருக்கிறது.

அந்தச் சட்டத்தின் 36ஆம் பிரிவுப்படி உயர் நீதிமன்றமோ மாவட்ட நீதிபதியோ தரகர் பட்டியல் தயாரிக்கலாம் என்று இருந்தது. ஊரில் ஒருவனுக்கு உள்ள பெயரே சாட்சியாகப் போதும். பட்டியலை நீதிமன்றத்தில் மாட்டி வைப்பார்கள். அதில் உள்ளவனை வளாகத்துக்குள் விடாமல் தடுக்கலாம். ஆனால் பெயரைச் சேர்க்குமுன் அவன் பக்க நியாயத்தையும் கேட்க வேண்டும். தரகனுக்கும் ஒரு வாய்தா! காசு கொடுத்து கேஸ் பிடிக்கும் வக்கீலை நீக்க அதே சட்டத்தில் 13ஆம் பிரிவும் இருந்தது. நான் பார்த்தவரை யாரும் அந்தப் பட்டியலைக் கண்டு பயந்ததில்லை.

எண்பதுகளின் கடைசியில் நான் ஜூனியராகச் சேர்ந்த ஆபீஸ் சென்னை தம்புச் செட்டித் தெருவில், மாடியில் இருந்தது. பெரும்பாலும் விபத்துக் கேஸ்கள். சீனியரின் மேஜை இழுப்பறையில் ஒரு நீள நோட்டு. ஒவ்வொரு கேஸ் நம்பருக்கும் எதிரே 'ஆ' அல்லது 'போ' என்று எழுதியிருக்கும். ஆஸ்பத்திரி, போலீஸ் ஸ்டேஷன். நஷ்டஈடு வந்ததும் அந்தந்த ஆளுக்குப் பங்கு போய்விடும். வக்காலத்தில் கைநாட்டு வார்டிலேயே வாங்கியாகியிருக்கும். "அண்ணே, இந்தம்மா நம்மகிட்ட எப்படி வந்தாங்க?" என்று குமாஸ்தாவைக் கேட்டேன். "எங்கம்மா வந்தாங்க? கொண்டாந்தாங்க" என்றார்.

ஜான் கிரிஷாமின் 'தி ஃபர்ம்' நாவலில் மெம்ஃபிஸ் நகரத்துக் கம்பெனி புது வக்கீலுக்கு பி.எம்.டபிள்யூ. கார் கொடுத்து வளைக்கிறது. எங்களுக்கு அந்தச் சங்கடமெல்லாம் இல்லை. பஸ் காசு கிடைத்தால் உண்டு. வார்டு பாய்க்கு இருந்த பங்கு வாதாடிய ஜூனியருக்குக் கிடையாது. அதனால்தான் பலர் சீக்கிரமே தனி ஆபீஸ் போட்டார்கள். போட்டதும் அதே வார்டு பாயைத் தேடிப் போனார்கள்.

சென்னையை மட்டும் குறை சொல்வானேன். பம்பாய் எஸ்பிளனேடு கோர்ட்டில் கட்சிக்காரர் வந்தால் வக்கீல்களே ஓடிப்போய்ப் பிடித்து இழுத்தார்கள், காகிதத்தைப் பிடுங்கினார்கள் என்று புகார். வக்கீல் தானோ தரகர் மூலமோ வேலை தேடக்கூடாது என்கிறது பார் கவுன்சில் விதி. அதற்கும் எண் 36தான். இந்திய பார் கவுன்சிலின் ஒழுங்குக் குழு அந்த விதியைச் சொல் சொல்லாகப் பிரித்து, எல்லா அம்சமும் ஒருசேர நிரூபணமானால்தான் குற்றம் என்று சொல்லி அவர்களை விட்டுவிட்டது. தபோல்கர் வழக்கு என்று பெயர் பெற்ற அதில், 1975இல் உச்ச நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணய்யர் அந்த வியாக்கியானத்தைத் தூக்கியெறிந்தார். குற்றவாளியை வக்கீல் காப்பாற்றுவது தொழில். வக்கீலை வக்கீல்களே இப்படிக் காப்பாற்றினால் அதற்கு வேறு பெயர்.

1879 சட்டத்தை 2023இல் நீக்கினார்கள். தரகர் பட்டியலை மட்டும் விடாமல், அட்வகேட்ஸ் சட்டத்தில் 45ஏ பிரிவாகச் சேர்த்தார்கள். பட்டியலில் பெயர் ஏறிய பிறகும் தரகு செய்தால் 3 மாதம் வரை சிறை, அல்லது 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பழைய சட்டத்திலும் அபராதம் அதே 500 ரூபாய்தான்.