சர்க்கரை நோயாளிக்குன்னே ஒரு சாக்லேட்

ஜெர்மனியில ஒரு காலத்துல சர்க்கரை நோயாளிகளுக்குன்னே தனியா சாக்லேட் வித்தாங்க. 2012 அக்டோபரோட அதுக்கு மூடுவிழா. ஏன்னு பார்ப்போமா?

1922-ல் இன்சுலின் ஊசி வர்றதுக்கு முன்னாடி வைத்தியம்னா கிட்டத்தட்ட பட்டினிதான். ஊசி வந்த பிறகும் 'இனிப்பைத் தொடாதே' என்கிற பயம் போகவில்லை. அந்தப் பயத்தை நம்பி வித்ததுதான் இந்தச் சாக்லேட். சிறப்பு உணவுகளுக்கான அரசு விதி 1963-ல் வந்தது. சர்க்கரைக்குப் பதிலா ஃப்ரக்டோஸ், சார்பிட்டால் சேர்ப்பாங்க.

1981-ல் டொரண்டோவில் டேவிட் ஜென்கின்ஸ் குழு, எந்த உணவு ரத்தச் சர்க்கரையை எவ்வளவு ஏத்துதுன்னு அளந்து பார்த்தது. குளுக்கோஸுக்கு 100-ன்னா சாதா சர்க்கரைக்கு 59 தான். வெள்ளை அரிசிச் சோத்துக்கு 72! அப்ப வில்லன் சர்க்கரை மட்டும் இல்லீங்க. மொத்த மாவுச்சத்துதான் கணக்குன்னு 1994-ல் அமெரிக்க நீரிழிவு சங்கமும் சொல்லிடுச்சு.

ஃப்ரக்டோஸ் ரத்தச் சர்க்கரையை மெதுவாத்தான் ஏத்தும். ஆனா கலோரி அதேதான். அளவு மீறினா கல்லீரல்ல கொழுப்பாகும். சாக்லேட்டுல இருக்கிற கொக்கோ வெண்ணெயும் எங்கேயும் போயிடலை. 'நமக்குன்னே செஞ்சது'ன்னு முழுசா சாப்பிடத் தோணும் பாருங்க, ஆபத்தே அங்கதான். 2010-ல் ஜெர்மனி விதியைத் திருத்தி, கடைகளுக்கு ரெண்டு வருஷம் அவகாசம் கொடுத்தது.

'சுகர் ஃப்ரீ' அட்டைகள் இன்னும் கடையில இருக்கு. வாங்கறதுக்கு முன்னாடி திருப்பி, மொத்த மாவுச்சத்து எத்தனை கிராம்னு படிங்க. கணக்கு வெச்சு சாப்பிடற சாதா சாக்லேட் ரெண்டு துண்டு, கணக்கில்லாத 'சுகர் ஃப்ரீ'யை விடத் தேவலை.