சர்வகலாசாலையை ஆள்வோர் யார்?

தம் பிள்ளையைச் சர்வகலாசாலையிலே சேர்க்க விரும்பாத பெற்றோர் நம்மவருள் இல்லை. ஆயினும், அச்சர்வகலாசாலையை ஆள்வோர் யார், அவர்களை மேற்பார்வையிடுவோர் யார் என்று வினவினால், விடை கூற வல்லார் மிகச் சிலரேயாவர். பால்மரம் வெட்டும் தொழிலாளி, தோட்டத் துரைக்கு மேலே கம்பெனியும், கம்பெனிக்கு மேலே டைரக்டர் போர்டும் உண்டென்பதை நன்கறிவான். ஆலயத்துக்குக் காணிக்கை செலுத்துவோன் தர்மகர்த்தாக்களிடம் கணக்குக் கேட்கவும் அறிவான். கல்வி நிலையத்தின் வாயிலிலே மட்டும் நாம் கைகட்டி நின்றுவிடுகிறோம். இது தகுமா? நம் நாட்டுச் சரித்திரத்தையே சான்றாகக் கொண்டு இதனை ஆராய்வோம்.

1905-ஆம் ஆண்டில் சிங்கப்பூரிலே தோன்றிய மருத்துவப் பள்ளி, பின்னர் ஏழாம் எட்வர்டு மன்னர் மருத்துவக் கல்லூரி எனப் பெயர் பெற்றது. 1928-இல் ராபிள்ஸ் கல்லூரி மாணவர்களைச் சேர்க்கலாயிற்று. இவ்விரண்டையும் ஒன்றாக்கிச் சர்வகலாசாலை அமைப்பது பற்றி ஆராய, 1947-இல் ஸர் அலெக்ஸாண்டர் கார் சாண்டர்ஸ் தலைமையில் ஒரு கமிஷன் வந்தது. அதன் பயனாக 1949-ஆம் ஆண்டு அக்டோபர் 8-ஆம் தேதி மலாயா சர்வகலாசாலை உதயமாயிற்று. மால்கம் மாக்டொனால்டு அதன் முதல் சான்ஸலர் ஆனார்.

அதன் ஆட்சிமுறை பிரிட்டிஷ் சர்வகலாசாலைகளின் மாதிரியைத் தழுவியது. அம்முறையிலே மூன்று சபைகள் உண்டு. முதலாவது, கோர்ட்டு எனப்படும் பேரவை. பல துறையினரும் அமரும் இப்பெரிய சபை, பொதுமக்களுக்கும் கல்வி நிலையத்துக்கும் பாலமாவது. இரண்டாவது, கௌன்சில் எனப்படும் ஆட்சி மன்றம். பணம், சொத்து, கட்டடம், உத்தியோக நியமனம் ஆகியவை இதன் பொறுப்பு. மூன்றாவது, செனெட் எனப்படும் கல்விச் சபை. எதைக் கற்பித்தல் வேண்டும், எவ்வாறு பரீக்ஷித்தல் வேண்டும், பட்டத்துக்குத் தகுதியுடையார் யாவர் என்பவற்றைப் பேராசிரியர்கள் அமர்ந்து தீர்மானிக்கும் இடம் அதுவே.

இங்ஙனம் அதிகாரத்தைப் பிரித்து வைத்ததன் காரணம் யாது? பணத்தைக் காப்போர் பாடத்தை விதித்தலாகாது; பாடம் சொல்வோர் பணப்பெட்டியின் சாவியைத் தாமே வைத்துக்கொள்ளுதலும் ஆகாது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தால்தான் இரு திறத்தாரும் நேர்மை வழுவாதிருப்பர். ஆட்சி மன்றத்தார் சர்வகலாசாலையின் சொந்தக்காரர் அல்லர். பிறர் பொருளைக் காத்து நிற்கும் தர்மகர்த்தாக்களே ஆவர்.

இவ்வுண்மையை நம்மவர் ஒருமுறை அநுபவத்தில் கண்டனர். 1950-களின் முற்பகுதியில் இந்திய இயல் துறை ஒன்றை நிறுவும் பேச்சு எழுந்தபோது, அதில் வடமொழிக்கு முதன்மை தரலாம் என்னும் ஆலோசனையும் உடன் எழுந்தது. இந்நாட்டு இந்தியரில் பெரும்பாலோர் தமிழராயிருக்க, அவர்தம் மொழி பின்வாயிலில் நிற்பதா? 1935-இல் 'தமிழ் முரசு' பத்திரிகையைத் தொடங்கிய கோ. சாரங்கபாணி கிளர்ச்சியை முன்னின்று நடத்தினார். தமிழ் இலக்கியத்தின் தொன்மையும் வளமும் எடுத்துரைக்கப்பட்டன. அது செனெட்டார் செவிக்குரிய வாதம். வாதத்தோடு நின்றிருந்தால் பயன் குறைவே. 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் நிதியும் திரட்டப்பட்டது. தோட்டத் தொழிலாளரும் பட்டணத்துச் சிப்பந்திகளும் தம் சிறு வருவாயிலிருந்து அந்நிதிக்கு அளித்தனர். இது கௌன்சிலார் செவிக்குரிய வாதம். கல்விக் காரணமும் பொருட் காரணமும் ஒருங்கே சென்று கதவைத் தட்டின, கதவு திறந்தது. 1956-இல் தமிழை முதன்மையாகக் கொண்டே இந்திய இயல் துறை தொடங்கியது. அத்துறை பின்னர் கோலாலம்பூருக்குப் பெயர்ந்தது. 1961-இல் தனிநாயக அடிகள் அங்கே தலைமை ஏற்றார். 1966-இல் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு அந்நகரிலேயே கூடிற்று. உழைப்பாளரின் காசு வீண்போகவில்லை.

அதன்பின் ஆட்சிமுறை பெரிதும் மாறியது. 1962-இல் சர்வகலாசாலை இரண்டாய்ப் பிரிந்து, கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் தனித்தனியே இயங்கலாயிற்று. மலேசியாவில் 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தால் சர்வகலாசாலைகளின்மீது அரசாங்கத்தின் கை ஓங்கியது. 1996-இல் அச்சட்டம் திருத்தப்பட்டபோது பேரவை நீக்கப்பட்டது. கௌன்சிலுக்குப் பதிலாக டைரக்டர் போர்டு வந்தது. 1998-இல் மலாயா சர்வகலாசாலை கம்பெனி முறை நிர்வாகத்தை மேற்கொண்டது. சிங்கப்பூர் தேசிய சர்வகலாசாலையும் 2006-இல் தனி ஸ்தாபனமாகித் தர்மகர்த்தா போர்டின் ஆட்சிக்கு உட்பட்டது. இரு நாட்டிலும் போர்டின் அங்கத்தினரை நியமிக்கும் அதிகாரம் மந்திரியிடம் இருக்கிறது.

சிறிய போர்டு விரைந்து முடிவு செய்யும் என்பர். அதை நாம் மறுக்கவில்லை. ஆயினும், பலர் கூடிய பேரவை மறைந்த இடத்தில், பொதுமக்களின் குரல் புகும் வாயில் ஒன்றும் அடைபட்டது என்பதை மறத்தலாகாது. வாயில் குறுகக் குறுக, வெளியே நிற்போரின் விழிப்பு மிகுதல் வேண்டும்.

ஆதலின், தோழர்களே, போர்டில் அமர்வோர் யாவர் என்று தெரிந்துகொள்ளுங்கள். ஆண்டறிக்கை வெளிவந்தால் படித்தவர் படித்து, மற்றவர்க்கும் எடுத்துச் சொல்லட்டும். பட்டம் பெற்ற நம் இளைஞர் கழுத்திலே மாலை ஏற்பதோடு நில்லாது, தாம் கற்ற நிலையத்தின் ஆட்சியிலும் கருத்துச் செலுத்தட்டும். தமிழ்த் துறையில் மாணவர் குறைந்தால், செனெட்டார் முன் என்ன சொல்வது, போர்டார் முன் என்ன வைப்பது என்பதை முன்னமே சிந்திப்போம். அன்று ரப்பர்க் காட்டிலே உழைத்தோர், எழுத்தறியாதோர் பலரும் உள்பட, எந்தக் கதவை எதனால் தட்டுவது என்று அறிந்திருந்தனர். அவர்தம் பேரப்பிள்ளைகளாகிய நாம் அதனை மறந்தோம் என்னும் பழிக்கு இடந்தரலாமா?