கொத்தும் கூப்பனும்

எங்கள் அம்மம்மா சாகும்வரை சங்கக்கடையைக் 'கூப்பன் கடை' என்றுதான் சொன்னா. கூப்பன் நின்று எத்தனையோ வருசங்களுக்குப் பிறகும், "உப்பு முடிஞ்சு போச்சு, கூப்பன் கடைக்கு ஓடு" என்றால் திருகோணமலையில் எங்கள் ஒழுங்கைக்கே விளங்கும். அவவின் தகரப் பெட்டிக்குள் கடைசிப் புத்தகம் ஒன்று கிடந்தது. பழுப்பேறின கடதாசி, கிழமைக்கு ஒன்றாகச் சின்னக் கட்டங்கள். வெட்டாமல் மிஞ்சினவை மட்டும் எலி கடித்த ஓரம்போல ஒட்டிக்கொண்டிருந்தன.

வெட்டுவதில்தான் அந்தச் சொல்லும் பிறந்தது. பிரெஞ்சில் 'கூப்பே' என்றால் வெட்டுதல். வெட்டி எடுத்த துண்டு 'கூப்போன்'. ஆங்கிலத்தில் ஏறி எங்களிடம் வந்து 'கூப்பன்' ஆயிற்று. தமிழ்நாட்டில் கூப்பன் என்றால் கடைத் தள்ளுபடிச் சீட்டு. அரிசிக்கு அங்கே ரேஷன் கார்டு. எங்களுக்குக் கூப்பன் என்றாலே அரிசிதான். சிங்களவர் அதை 'ஹால் பொத்த', அரிசிப் புத்தகம் என்றார்கள். அவர்கள் பொருளைப் பெயராக்கினார்கள், நாங்கள் கத்தரிக்கோலை.

சொல் யுத்தத்தோடு வந்தது. 1942 மார்ச்சில் ரங்கூன் விழ, பர்மா அரிசி நின்றது. ஏப்ரல் 9ஆம் திகதி காலை யப்பான் விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்திலும் சீனக்குடாவிலும் குண்டு போட்டன. அந்த வருசமே அரிசிக்குப் பங்கீடு. 'பங்கீடு' நல்ல தமிழ்தான். ஆனால் அது அரசாங்கக் கடதாசியிலேயே தங்கிவிட்டது. வாயில் ஏறினது கூப்பன்.

கூப்பன் புத்தகம் தந்தது காசை அல்ல, கொத்தை. நாலு சுண்டு ஒரு கொத்து, ஏறத்தாழ இரண்டு இறாத்தல் அரிசி. வெளிச்சந்தையில் விலை என்ன ஆட்டம் ஆடினாலும் கொத்து கொத்துத்தான். ஆளுக்கொரு புத்தகம் என்பதால் ஐந்து பேர் உள்ள வீட்டுக்காரிக்குக் கிழமைக்கு எவ்வளவு அரிசி வரும் என்பது திங்கட்கிழமையே தெரியும். கை முடைப்பட்டால் புத்தகம் அடைவுக்கும் போகும். அரிசிக்கு உத்தரவாதம் என்று முதலாளியே நம்பின கடதாசி அது.

அதனால்தான் கொத்தில் கை வைத்தவர்களுக்குக் கை சுட்டது. 1953இல் நிதி அமைச்சர் ஜே. ஆர். ஜயவர்தன கூப்பன் அரிசியின் விலையைக் கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏற்றினார். ஆகஸ்ட் 12 ஹர்த்தால். அக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். (ஹர்த்தால் குஜராத்தி, கடைக்குப் பூட்டு. கிழக்கில் இன்றைக்கும் கடையடைப்பு என்பதைவிட இதுதான் வாயில் வருகிறது.) திரும்பி வந்த டட்லி 1966 கடைசியில் இரண்டு கொத்தை ஒன்றாக்கினார், அந்த ஒன்றை இலவசமாக்கி. இலவசம் என்றதில் ஒருவரும் மயங்கவில்லை. 1970 தேர்தலில் போன கொத்தைத் திருப்பித் தருவேன் என்ற சிறிமாவோ வென்றார்.

1979இல் ஜே. ஆர். ஜனாதிபதி. இம்முறை அலகையே மாற்றினார். செப்டெம்பரில் கூப்பன் போய் 'உணவு முத்திரை' வந்தது. மாதம் 300 ரூபாய்க்குக் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு மட்டும். எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு 25 ரூபாய், பெரியவருக்கு 15. முத்திரை பழைய சொல், அரச இலச்சினையின் கம்பீரம் உள்ளது. எங்கள் ஊரில் கடிதத்தில் ஒட்டுவதும் முத்திரைதான். ஒட்டின முத்திரை மாதிரியே ரூபாய்த் தொகையும் ஒட்டின இடத்தில் நின்றது. அரிசி நிற்கவில்லை. 1980இல் பணவீக்கம் 26 சதவீதம். இரண்டு மூன்று வருசத்தில் முத்திரையின் பெறுமதி பாதிக்குப் போனது. ஒருவரும் ஹர்த்தால் போடவில்லை. எதை எதிர்த்துப் போடுவது? வெட்டினது கண்ணுக்குத் தெரியவில்லையே.

பிறகு வந்த உதவித் திட்டங்களின் பெயர்கள் தமிழாக்கப்படவேயில்லை. 1989இல் ஜனசவிய, 1995இல் சமுர்த்தி, 2023 ஜூலையில் அஸ்வெசும. கடைசிச் சொல் எங்களுக்கு அன்னியமில்லை: நம் 'ஆசுவாசம்' பிறந்த அதே வடமொழி வேர். தொடங்கினபோது தொகை 2,500, 5,000, 8,500, 15,000 என நான்கு படி. எல்லாம் ரூபாய், கொத்து எதிலும் இல்லை. "பேர் வந்திருக்கா?" என்று ஜீ.எஸ். (கிராம சேவகர்) அலுவலக வாசலில் கேட்கிறார்கள், எவ்வளவு அரிசி என்று கேட்பாரில்லை.

2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340க்கு ஒரே தாவலாகப் போனது. நிலாவெளிக் கரையில் படகுக்கு இருபது லீற்றர்க் கானை நிரப்ப 1,740 ரூபாய் கொடுத்தவர் அடுத்த நாள் 6,800 கொடுக்கவேண்டும். மீனுக்கு அந்தத் தாவல் தெரியாது. திருகோணமலைக் குடாவின் மறுகரைக் காட்டுக்குள்ளே வெள்ளைக்காரன் கட்டின எண்ணெய்த் தாங்கிகள் நூற்றுக்குக் கிட்ட நிற்கின்றன என்பதை வரிசையில் நின்ற எல்லாரும் ஒருதரமாவது சொன்னார்கள்.

அந்த மாதமே பெற்றோலுக்குக் கியூஆர் பங்கீடு வந்தது. மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், ஆட்டோவுக்கு 5. பல வருசத்துக்குப் பிறகு அரசாங்கம் ரூபாயை விட்டு அளவில் பேசினது. எனக்கு முன்னால் நின்ற வயசாளி மடித்து வைத்திருந்த அச்சுத்தாளை நீட்டி, "இந்தா தம்பி கூப்பன், வெட்டு" என்றார். பெடியன் போனைத் தாளுக்கு நேரே பிடித்தான். "டிட்" என்றது. "வெட்டியாச்சு ஐயா."