வெனம், பாய்சன்: ரெண்டும் ஒண்ணா? என்ன வித்தியாசம்?

தமிழில் ரெண்டையுமே 'விஷம்'னுதான் சொல்றோம். ஆனா உயிரியலில் இவை வேறு வேறு.

வெனம்: பல், கொடுக்கு மூலம் உடலுக்குள் செலுத்தப்படுவது. உதாரணம்: நல்ல பாம்பு, தேள்.

பாய்சன்: சாப்பிட்டாலோ, சுவாசித்தாலோ, தோலில் பட்டாலோ பாதிப்பது. உதாரணம்: அரளி விதை.

எப்படிச் சொல்வது? நல்ல பாம்பை 'பாய்சனஸ் ஸ்நேக்' என்பதைவிட 'வெனமஸ் ஸ்நேக்' என்பதே சரி.

பாம்புக்கடி மருந்துக்கு 'ஆன்டிவெனம்' என்ற பெயர் வந்ததும் இதனால்தான். இந்தியாவில் பயன்படும் ஆன்டிவெனம் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய 4 பாம்புகளின் விஷத்துக்கு எதிராகத் தயாரிக்கப்படுகிறது. அரளி விதை சாப்பிட்டவருக்கு இது உதவாது.

கவனிங்க: பாம்பு கடித்த இடத்தைக் கீறுவது, வாயால் உறிஞ்சுவது ரெண்டுமே ஆபத்து. கடிபட்டவரை நடக்கவிடாமல், உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போங்க.