ஆழம் மட்டும் போதுமா?

பொட்டி தட்டிப் பிழைக்கிறவனுக்கு அஸ்திவாரக் கதை எதுக்குன்னு கேட்காதீங்க. படிச்சது இன்ஜினியரிங். வேலை மென்பொருளா அமைஞ்சாலும் பழைய பாசம் விடுமா? :-)

கும்மிடிப்பூண்டி தாண்டி தேர்வாய் கண்டிகை சிப்காட் பக்கம் போனா பெரிய பெரிய ஆலைக் கூடங்களைப் பார்க்கலாம். தகரக் கூரை, இரும்புச் சட்டம். அளவைப் பார்த்தா எடை ரொம்பக் கம்மி. ஆனா புயல் அடிக்கும்போது அந்தச் சுவர் முழுக்க ஒரு பாய்மரம். அப்போ அஸ்திவாரத்துக்கு வர்ற சோதனை மேலேயிருந்து அமுக்குறது இல்லை, பக்கத்திலேருந்து தள்ளுறது. இந்த வித்தியாசத்தை நம்ம கடற்கரை நிறைய விலை கொடுத்துத்தான் கத்துக்கிச்சு.

19ஆம் நூற்றாண்டு மெட்ராஸுக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் நங்கூரம் போடும். ஆளும் சரக்கும் மசூலா படகில் அலையைத் தாண்டிக் கரைக்கு வரணும். அந்தப் படகுப் பலகைகளுக்கு ஆணி கிடையாது, தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை மோதினா படகு வளைஞ்சு கொடுக்கும். அப்படியும் கவிழ்ந்து உயிர்ச்சேதம் நடக்கத்தான் செய்தது.

இதுக்குத் தீர்வா 1861-ல் வந்தது இரும்புப் பாலம். கடலுக்குள் சுமார் ஆயிரம் அடி நீளம். நின்னது திருகு பைல்கள் மேல. அயர்லாந்துக்காரர் அலெக்ஸாண்டர் மிட்செல் 1833-ல் காப்புரிமை வாங்கிய கண்டுபிடிப்பு அது (மனுஷனுக்குக் கண்பார்வை கிடையாது!). இரும்புக் கம்பத்தின் அடியில் அகலமான திருகு இலை இருக்கும். மணலுக்குள் திருகி இறக்கினா கீழேயும் இறங்காது, மேலேயும் பிடுங்கிக்காது.

அருமையான யோசனை. ஆனா பலம் எல்லாம் பாதத்தில். கடல் அடிக்கிறதோ இடுப்பில்!

1868-லும் 1872-லும் வந்த புயல்கள் பாலத்தைப் பதம் பார்த்தன. அடுத்ததா கல்லில் அலைதடுப்புச் சுவர் கட்டிடலாம்னு 1875-ல் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினாங்க. வேலை முடியப் போற நேரத்தில், 1881 நவம்பர் புயல் அதையும் உடைச்சுது. கல்லோ இரும்போ, கடலுக்கு ஒண்ணுதான்.

புதுச்சேரியில் இதுக்குச் சாட்சி இன்னும் நிக்குது. 1866-ல் கட்டிய பழைய பாலத்தை 1952 புயல் கொண்டுபோச்சு. கடற்கரைச் சாலையிலிருந்து பார்த்தா அதோட மொட்டைக் கால்கள் தெரியும். கவனிங்க, கால்கள் மண்ணுக்குள்ள புதைஞ்சு போகலை. மேல இருந்ததுதான் போச்சு.

ஏன் இப்படி? நட்ட கம்பத்தின் தலையைத் தள்ளிப் பாருங்க. முன்பக்க மண் நெருக்குப்பட்டு எதிர்த்து நிக்கும், பின்பக்கம் இடைவெளி விழும். குட்டைக் கம்பம்னா மண்ணுக்குள்ளேயே மொத்தமா சாயும். நீளக் கம்பத்தின் அடிப்பகுதி அசையவே அசையாது, மேல்பகுதி மட்டும் வளையும். அதாவது, பக்கவாட்டு விசையைத் தாங்குறது பெரும்பாலும் மேல் சில மீட்டர் மண்தான். ஆழத்தில் எவ்வளவு கெட்டியான பாறை இருந்தாலும் இந்த விஷயத்தில் பெரிசா உதவாது. கடலில் அலை முதலில் அரிச்சுக்கிட்டுப் போறதும் அதே மேல்மண்ணைத்தான். கொடுமை!

இதைக் கணக்காக்க ஒரு நூற்றாண்டு ஆச்சு. 1964-ல் ஸ்வீடனைச் சேர்ந்த பெங்ட் புரோம்ஸ் எளிமையான சூத்திரங்கள் கொடுத்தார். களிமண்ணில் பைலின் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு ஆழம் வரைக்கும் மண் எதிர்ப்பே இல்லைன்னு வெச்சுக்கச் சொன்னார். மேல்மண்ணை அவ்வளவு லேசில் நம்பலை மனுஷன். 1970-ல் ஹட்சன் மேட்லாக், மண் எவ்வளவு நகர்ந்தா எவ்வளவு எதிர்க்கும்னு வளைகோடாவே வரைஞ்சார். கடலுக்குள் எண்ணெய்க் கிணறு மேடைகள் கட்டுறவங்களுக்கு அது தேவைப்பட்டது.

நம்ம ஊர் ஐ.எஸ். 2911 தரவிதி இன்னும் நேரடி. பைலைப் பக்கவாட்டில் ஜாக்கி வெச்சுத் தள்ளு. 5 மி.மீ. நகர வைக்கிற பாரம் எவ்வளவு, 12 மி.மீ. நகர வைக்கிற பாரத்தில் பாதி எவ்வளவு, ரெண்டில் எது குறைவோ அதுதான் பாதுகாப்பான பாரம். உடையும் வரைக்கும் காத்திருக்கிற கதையே இல்லை. நகர்ந்தாலே தோல்வி.

இதோட பாடம் முடிஞ்சுதான்னா, இல்லை. 2001 ஜனவரி 26 குஜராத் பூகம்பத்தில் கண்ட்லா துறைமுகத்தின் 22 மீட்டர் உயர அலுவலகக் கோபுரம் சாய்ந்தது. அடியில் 18 மீட்டர் நீளத்தில் 32 பைல்கள். குலுக்கலில் அடி மணல் கூழாகி, மேல்மண் கடலை நோக்கி நகர்ந்தது. நகர்ந்த மண் பைல்களையும் தள்ளிக்கிட்டுப் போச்சு. அதுவரைக்கும் தோள் கொடுத்துக்கிட்டிருந்த மண்ணே அன்னிக்குப் பாரமா மாறிடுச்சு. இடிஞ்சு விழலைங்கிறது மட்டும்தான் ஆறுதல்.

அதனால வீடோ கூடமோ கட்டுறவங்க, "எத்தனை அடி ஆழம் போட்டீங்க?"ன்னு மட்டும் கேட்டு நிறுத்திக்காதீங்க. "மேல் மூணு மீட்டர் என்ன மண்ணு? கொட்டி நிரப்பினதா, இயற்கையா இருந்ததா? மழையில அரிச்சுட்டுப் போயிடுமா?"ன்னும் கேளுங்க. மெட்ராஸ் இரும்புப் பாலம் ஆழத்தில் தோற்கலை மக்களே.