மண் எதைத் தடுக்கும், எதைத் தடுக்காது? தோல் கழிவும் சேரிக் கிணறும்

நிலத்தில் விழும் நீரைக் கிணற்றை அடையும் முன் மண் மூன்று வழிகளில் தூய்மைப்படுத்துகிறது. மண்துகள்களின் இடுக்குகள் மிதக்கும் அழுக்கையும் நோய்க்கிருமிகளில் பெரும்பகுதியையும் தடுத்து நிறுத்துகின்றன. மேல்மண்ணின் நுண்ணுயிர்கள் கரிமக் கழிவைச் சிதைக்கின்றன. எதிர்மின்னூட்டம் கொண்ட களிமண்ணும் மட்கும், நேர்மின்னூட்டம் கொண்ட ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களைப் பற்றிக்கொள்கின்றன.

இத்திறனுக்கு எல்லை உண்டு. குளோரைடும் நைட்ரேட்டும் எதிர்மின்னூட்டம் கொண்டவை. ஆகவே மண்ணில் தங்காமல் நீரோடு கீழிறங்குகின்றன. பிடிபட்ட உலோகமும் அழிவதில்லை. மண்ணில் அமிலத்தன்மை கூடினால் அது மீண்டும் கரையக்கூடும். மேல்மண் மெலிந்து, அடியில் பாறை வெடிப்புற்றிருக்கும் இடங்களில் கழிவு வடிகட்டப்படாமலேயே நிலத்தடி நீரில் கலந்துவிடும்.

இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய பாலாற்றங்கரை ஊர்களின் தோல் தொழிற்சாலைகள் இதற்குச் சான்று. தோல் பதனிடப் பயன்படும் மூன்று இணைதிறன் குரோமியம், நடுநிலை மண்ணில் பெரும்பாலும் படிந்துவிடுகிறது. புற்றுநோய் விளைவிக்கும் ஆறு இணைதிறன் குரோமியமோ எளிதில் நகர்கிறது. தோல் கெடாதிருக்க இடப்படும் உப்பை மண் வடிகட்டுவதே இல்லை.

வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் தொழிற்சாலைப் பகுதிகளில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ பகுதியாகவோ பயிரிடத் தகுதியற்றுப் போனதை அத்தீர்ப்பு பதிவு செய்தது. திண்டுக்கல் வட்டாரத்தின் 13 கிராமங்களில் 467 கிணறுகளில் 350 மாசுற்றிருந்ததாகக் கூறும் ஆய்வையும் அது சுட்டியது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்னும் கோட்பாடு, இத்தீர்ப்பில் இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஏற்கப்பட்டது.

ஆனால் ஈடு யாருக்கு? தோல் தொழிலின் கடும் உழைப்பைச் சுமப்போரில் பெரும்பகுதியினர் தலித்துகள். நிலமற்றோரும் அவர்களில் ஏராளம். இழப்பை நிலப்பரப்பால் அளந்தால், குடிநீரையும் கூலி வேலையையும் இழந்தவர் கணக்கில் வரமாட்டார். பொதுக்கிணறு மறுக்கப்பட்ட சேரிக்குத் தன் கிணறு கெட்டால் மாற்று இல்லை.

தெளிந்த நீரெல்லாம் தூய நீர் அன்று. கரைந்த உப்பும் உலோகமும் கண்ணுக்குத் தெரிவதில்லை. இந்தியத் தர அளவின்படி, குடிநீரில் ஒரு லிட்டருக்குக் கரைந்த திடப்பொருளின் ஏற்கத்தக்க வரம்பு 500 மில்லிகிராம்; குரோமியம் 0.05 மில்லிகிராமைத் தாண்டலாகாது. சேரிக் கிணறுகளைத் தனித்தனியே சோதித்து முடிவுகளை வெளியிட வேண்டும் எனக் கோருவதே போராட்டத்தின் முதற்படி.