மீராஸ் என்னும் சொல்லும் மாம்பலம் என்னும் ஊரும்

இன்று தியாகராய நகரின் கடைவீதிகளில் நெரிசலுக்கிடையே நடப்போருள், அத்தெருக்களிற் பல ஓர் ஏரிப் படுகையின்மேல் எழுந்தவை என்பதை அறிந்தோர் சிலரே. மாம்பலம் முன்னாளில் செங்கற்பட்டு ஜில்லா, சைதாப்பேட்டைத் தாலுகாவைச் சேர்ந்த சிற்றூர். 1920களில் அங்கிருந்த நெடிய ஏரி தூர்க்கப்பட்டது. 1925இல் மறைந்த சர் பிட்டி தியாகராயரின் பெயரால் புதுநகர் எழுந்தது. ஏரி போயிற்று, வயல் போயிற்று. ஆயினும் மாம்பலம் என்னும் பெயர் வருவாய்த்துறையில் ஒரு வட்டத்தின் பெயராக இன்றும் நிலவுகிறது. ஊர் மறைந்தாலும் கணக்கு மறையாது போலும்!

அக்கணக்கின் மொழி அரபு பயின்றோருக்குப் புதியதன்று. கிதாபுகளில் பாடப் பிரிவைக் குறிக்கும் ‘ஃபஸ்ல்’ பருவத்தையும் குறிக்கும். அதுவே ‘பசலி’ ஆண்டாயிற்று. ‘தஹ்ஸீல்’ தாசில்தாரைத் தந்தது, ‘கிஸ்த்’ கிஸ்தியாயிற்று. மத்ரஸாவில் நாம் ஓதிய வாரிசுரிமைப் பாடமாகிய ‘மீராஸ்’, உழவர் நாவில் ‘மிராசு’ ஆயிற்று.

நவாப் முகம்மதலி வாலாஜா 1763இல் செங்கற்பட்டுச் சீமையைக் கும்பினியாருக்கு ஜாகீராக அளித்தார். பின்னர் 1767 முதல் 1774 வரை பர்னார்டு என்னும் ஆங்கிலேயர் ஏறத்தாழ 2000 ஊர்களை ஆய்ந்து கணக்கெடுத்தார். ஒவ்வோர் ஊரிலும் வீடுகள் எத்தனை, ஏரி எத்தனை, விளைச்சலில் தச்சனுக்கும் கொல்லனுக்கும் கணக்கனுக்கும் உரிய பங்கு எவ்வளவு என்பனவெல்லாம் அதில் பதிவாயின. கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் பக்கீருக்கும் விடப்பட்ட மானியங்களும் அதில் உள்ளன.

ஆனால் ஒன்றை மறைத்தலாகாது. சேற்றில் நின்று உழுத சேரிமக்களின் வீடுகள் கணக்கில் இருந்தன. நிலத்தின் மிராசிலோ அவர்களுக்கு இடமில்லை. மகளுக்கும் தாய்க்கும் பங்கு வகுத்த ஒரு சட்டத்தின் சொல், இங்கே சிலரின் ஏகபோகத்திற்குப் பெயராயிற்று. எல்லிஸ் துரை 1818இல் அச்சான தம் நூலில் அம்மிராசுரிமையை விரித்துரைத்தார். அதற்கு வெளியே நின்றோரின் துயரைச் செங்கற்பட்டுக் கலெக்டர் திரெமென்ஹீர் 1891இல் அறிக்கையாக எழுதினார். அடுத்த ஆண்டே அவர்களுக்கு நிலம் வழங்க அரசாணை பிறந்தது. எழுதப்படும்வரை அத்துயர் அரசின் செவிக்கு எட்டவில்லை என்பது கருதத்தக்கது.

1871இல் மாகாணமெங்கும் நடந்த குடிக்கணக்கில் சென்னை நகரின் மக்கள் 3,97,552 பேர். 2011இல் 46,46,732 பேர். இடையே, விழுங்கப்பட்ட சிற்றூர்கள் பல. 1980இல் கர்ணம், மணியக்காரர் பதவிகளும் ஒழிந்தன. கிராம நிர்வாக அலுவலர் வந்தார். தந்தைக்குப் பின் மைந்தன் என வழிவழி வந்த கணக்கு, தேர்வெழுதி வந்தவர் கைக்கு மாறிற்று.

இனி நம் மஹல்லாவை நோக்குவோம். பள்ளிவாசலின் நிகாஹ் தஃப்தரும் சந்தாப் பட்டியலும் நமக்கு ஊர்க்கணக்கே. பிழைப்புக்காக வந்து வாடகை வீட்டில் வாழ்பவரையும், ஆண்துணையற்ற கைம்பெண்ணையும் அப்பட்டியலில் எழுதாது விடுவோமாயின், நோயிலும் மையித்திலும் அவர்களுக்காக யார் வந்து நிற்பார்? மாம்பலத்து வயல்கள் மீளப் போவதில்லை. நம் தஃப்தரின் பக்கங்களோ இன்னும் நம் கையில் இருக்கின்றன. விடுபட்ட பெயர்களை இன்றே எழுதுவோம்.